பீரோவுக்குள் வெந்த சக்கரம்

அந்தப் பீரோவில் முன்பு அம்மாவின் பட்டுப்புடவைகள் இருந்தன. கண்ணாடி உடைந்து, பூட்டு துருப்பிடித்து, கொட்டகைக்கு வந்து சேர்ந்த பிறகு மண்வெட்டிகளும் காலிச் சாக்குகளும் அதில் கிடந்தன. இப்போது அதன் உட்சுவர்களில் ராக்வூல் பஞ்சு நிறைத்து, மேலே தகரம் அடித்திருக்கிறோம். அடித்தட்டில் மூன்று ஹீட்டர் சுருள்கள், அவற்றுக்கு மேல் மறைப்புத் தகடு, பின்புறம் காற்றைச் சுழற்ற ஒரு விசிறி, மேலே புகை வெளியேற ஒரு குழாய். புடவை தொங்கிய கம்பி பாரம் தாங்காது என்பதால் இரும்பு ஆங்கிள் ஒன்றைக் குறுக்கே பற்றவைத்தோம். அதில் ஒரு கார் சக்கரம் தொங்குகிறது. மாசி மாதத்து உச்சி வெயில். ஏற்காட்டில் மூடுபனி விலகி, காற்று காய்ந்து கிடக்கும் சில வாரங்களில் ஒரு நாள். இந்த நாளுக்காக மூன்று மாதம் காத்திருந்தேன். ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதில்தான் உலர்ந்த பெயிண்ட் பொடியை ஒட்டவைத்துச் சுடும் பவுடர் கோட்டிங்கின் அறிவியல் பாதி அடங்கியிருக்கிறது.

சக்கரத்தின் நோயிலிருந்து தொடங்குகிறேன். அது அலாய் வீல். அலுமினியக் கலவையில் வார்த்தது. பளபளப்பான மேல்பூச்சுக்கு அடியில் வெள்ளை நூல் நூலாக, மண்புழு ஊர்ந்த தடம்போல, கோடுகள் பரவியிருந்தன. நடைபாதைக் கல்லில் உரசிய ஒரு சிறு கீறலிலிருந்துதான் எல்லாக் கோடுகளும் கிளம்பியிருந்தன. இழை அரிப்பு என்று இதைச் சொல்லலாம். கீறல் வழியாக உள்ளே போன ஈரமும் துளி உப்பும் பூச்சுக்கு அடியில் ஒரு சிறிய மின்கலத்தை உண்டாக்குகின்றன. புழுவின் தலைப்பக்கம் ஆக்சிஜன் குறைவு, அமிலம் அதிகம். அங்கே உலோகம் கரைகிறது. வால்பக்கம் ஆக்சிஜன் தாராளம். கரைந்தது அங்கே வெள்ளைப் பொடியாகப் படிகிறது. தலை முன்னேறிக்கொண்டே போகிறது. காற்றின் ஈரப்பதம் 65 முதல் 95 சதவீதம் வரை இருக்கும்போது இந்தப் புழு நன்றாக ஊரும். கொட்டும் மழையை விடத் தேங்கி நிற்கும் மூடுபனிதான் அதற்குப் பிடித்த வானிலை. கடலுக்கு இத்தனை தூரத்தில், 1,500 மீட்டர் உயரத்தில், சக்கரம் எப்படி அரிக்கிறது என்று கேட்பவர்கள் ஒரு ஐப்பசிக் காலையில் ஏற்காடு ஏரிக்கரையில் நின்று பார்க்கட்டும். பத்தடி தள்ளி நிற்கும் படகு கண்ணுக்குத் தெரியாது.

அலுமினியம் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் உலோகம் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். உண்மைதான். காற்றுப் பட்ட நொடியிலேயே அதன்மேல் ஆக்சைடு படலம் உருவாகிவிடும். அந்தப் படலத்தின் தடிமன் சில நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு அளவுதான். அமிலத்திலும் காரத்திலும் அது நிற்காது. காரத்தில் நிற்காது என்பதை இந்த மலை நன்றாக அறியும்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் உடல் சார்னோகைட் என்ற பாறை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து போன கல்லை ஆராய்ந்த புவியியலாளர் ஹாலந்து, அந்த வகைப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்துவிட்டார். மலையுச்சியின் சமதளங்களில் இந்தப் பாறை நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் ஊறியது. மழைநீர் சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போக, அலுமினியமும் இரும்பும் மிஞ்சிச் செம்மண் நிறத்தில் கட்டிகளாகத் தங்கின. அதுதான் பாக்சைட். 1965-இல் மேட்டூரில் உற்பத்தியைத் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, மால்கோ என்று எல்லோரும் சொல்வது, இங்கிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் எடுத்தது. அரைத்த கல்லைச் சூடான காஸ்டிக் சோடாவில் கரைத்தால் அலுமினா கரைசலுக்குள் போய்விடும். இரும்பு கரையாமல் சிவப்புச் சேறாக அடியில் நிற்கும். அலுமினாவைப் பிரித்தெடுத்து மின்சாரம் பாய்ச்சினால் உலோகம் கிடைக்கும். பொதுக் கணக்கு இது: நான்கு டன் பாக்சைட்டிலிருந்து இரண்டு டன் அலுமினா, அதிலிருந்து ஒரு டன் அலுமினியம். ஒரு கிலோ உலோகத்துக்கு 13 யூனிட்டுக்கும் மேல் மின்சாரம் செலவாகும். எட்டுக் கிலோ எடையுள்ள ஒரே சக்கரம், தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டையும் விழுங்கிவிட்டுத்தான் பிறந்திருக்கும். மேட்டூர் உருக்காலை 2008-இல் நின்றுபோனது. என் சக்கரம் எந்த மலைக் கல்லிலிருந்து வந்ததென்று சொல்ல வழியில்லை. ஆனால் அரிப்பெடுத்த சக்கரத்தைத் தூக்கிப் போட மனம் வராததற்கு இந்தக் கணக்கு ஒரு காரணம்.

வேலையை அந்தக் காஸ்டிக் சோடாவிலிருந்தே தொடங்கலாம். பழைய பூச்சை உரிக்க இரும்புச் சாமான்களைக் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறப்போடும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. இரும்புக்கு அது சரி. அலுமினியத்தை அதில் போட்டால், மேட்டூரில் கல் கரைந்ததுபோல ஆக்சைடு படலம் கரையும், அடியில் உள்ள உலோகமும் நுரைத்துக் கரையத் தொடங்கும், கிளம்புவது ஹைட்ரஜன். பெயிண்ட் ரிமூவர் தடவலாம். ஆனால் பழைய வகை ரிமூவர்களில் இருக்கும் டைகுளோரோமீத்தேன் ஆவி, மூடிய அறையில் ஆளையே சாய்த்துவிடும். திறந்த வெளியில், ரப்பர் கையுறை போட்டு, காற்று வீசும் திசைக்கு முதுகைக் காட்டி நின்றுதான் செய்யவேண்டும்.

மிச்சத்தை உரிக்கச் சாண்ட் பிளாஸ்டிங். பெயரில் மணல் இருந்தாலும் ஆற்று மணலைப் பயன்படுத்தவே கூடாது. உடையும் மணலின் நுண்தூசி நுரையீரலில் தங்கிச் சிலிகோசிஸ் என்ற மீளாத நோயைத் தரும். கல் குவாரிகளில் வேலை செய்தவர்களிடம் அந்த இருமலைக் கேட்டிருக்கிறேன். அலுமினியம் ஆக்சைடு துகள்தான் நல்லது. அதுவும் பாக்சைட்டை உருக்கி உடைத்துச் செய்வதே. அலுமினியத்தைத் தேய்க்க அதே கல்லின் இன்னொரு வடிவம்.

தேய்த்து முடித்த உலோகம் சுத்தமா என்று அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் போதும். தாமரை இலைமேல் போலத் துளித்துளியாக உருண்டால் எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். அறுபடாத ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். விரல் ரேகையின் எண்ணெய்கூட இந்தச் சோதனையில் தெரிந்துவிடும். சேலத்துப் பட்டறைகளில் இரும்புக்கு ‘செவன் டேங்க்’ என்பார்கள்: எண்ணெய் நீக்க ஒரு தொட்டி, கழுவ ஒன்று, துரு நீக்க ஒன்று, பாஸ்பேட் ஏற்ற ஒன்று என்று வரிசையாக ஏழு. பாஸ்பேட் படிகங்கள் இரும்பின் முகத்தைச் சொரசொரப்பாக்கி, பூச்சு கவ்விப் பிடிக்க இடம் தருகின்றன. அலுமினியத்துக்கு ஒரு காலத்தில் குரோமேட் கொடுத்தார்கள். ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தருவது என்பதால் இப்போது சிர்கோனியம் கலந்த கரைசல்கள் வந்துவிட்டன. வீட்டில் செய்பவர் குரோமேட்டைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கழுவிய கழிவுநீர் எங்கே போகும்? இந்த மலையில் எல்லா நீரும் ஏதோ ஒரு காப்பித் தோட்டத்து ஓடைக்குத்தான் போகும்.

வார்ப்பு உலோகத்தில் இன்னொரு சிக்கல். கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளில் காற்றும் எண்ணெயும் ஒளிந்திருக்கும். பூச்சு உருகி மூடிய பிறகு அவை சூட்டில் விரிந்து மேலே வந்தால் கொப்புளம். அதனால் பவுடர் அடிப்பதற்கு முன்பே சக்கரத்தை வெறுமனே ஒருமுறை பீரோவுக்குள் சுடவைத்து, உள்ளே இருப்பதை வெளியே வரச் செய்தேன்.

இனி பவுடர். சாதாரணப் பெயிண்ட் என்பது பிசினும் நிறமியும் தின்னரில் கரைந்தது. தின்னர் காற்றில் போய்விடும். நாம் காசு கொடுத்து வாங்கிய அதை மூச்சில் இழுப்போம். பவுடரில் தின்னரே இல்லை. பாலியெஸ்டர் அல்லது எபாக்சிப் பிசின், அதை இறுக்கும் பொருள், நிறமி எல்லாவற்றையும் சூட்டில் பிசைந்து, அப்பளம்போல மெல்லிய தகடாக்கி, ஆறவைத்து, உடைத்து, அரைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு துகளும் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரான். தலைமுடியின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு துகளுக்குள்ளேயே முழுப் பெயிண்டும் இருக்கிறது. வெள்ளைப் பவுடரில் வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலைக் கறுப்பாக்கும் இல்மனைட் அதன் மூலக் கனிமங்களில் ஒன்று.

இந்த முறைக்கு முன்னோடி எர்வின் கெம்மர் என்ற ஜெர்மானியர். 1950-களின் தொடக்கத்தில், தொட்டியின் அடியிலிருந்து காற்றை ஊதிப் பவுடரைக் கொதிக்கும் பால்போலத் ததும்பவைத்து, சூடான உலோகத்தை அதில் முக்கியெடுத்தார். பட்ட இடமெல்லாம் பவுடர் உருகி ஒட்டியது. பூச்சு கனமாக வந்தது. மெல்லியதாக அடிக்க மின்சாரம் வேண்டியிருந்தது. 1960-களில் நிலைமின்சாரக் கன் வந்த பிறகுதான் இது எங்கும் பரவியது. இன்று நம் வீட்டு ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஜன்னல் சட்டம், மருத்துவமனைக் கட்டில் என்று பலவற்றின் மேல் இருப்பது இதுதான்.

எபாக்சியா, பாலியெஸ்டரா என்பது இந்த மலையில் முக்கியமான கேள்வி. எபாக்சி நன்றாக ஒட்டும், அரிப்பைத் தாங்கும். ஆனால் வெயிலின் புறஊதாக் கதிரில் சுண்ணாம்புபோல வெளுத்து உதிரும். உயரம் கூடக் கூடப் புறஊதாவும் கூடும். பானெட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரித் தட்டுக்கு எபாக்சி போதும். சக்கரத்துக்குப் பாலியெஸ்டர்தான்.

பழைய டிவி பெட்டியின் கண்ணாடிமேல் எவ்வளவு துடைத்தாலும் தூசி ஒட்டும், நினைவிருக்கிறதா? கையை நீட்டினால் ரோமம் சிலிர்க்கும். அந்த விசைதான் இங்கே வேலை செய்கிறது. கன்னின் முனையில் ஒரு கூர்மையான ஊசி. அதில் எதிர்மின் உயரழுத்தம். தொழிற்சாலைக் கன்களில் 60 முதல் 100 கிலோவோல்ட், சிறிய வீட்டுக் கன்களில் அதைவிட மிகக் குறைவு. கூர்முனையைச் சுற்றி மின்புலம் செறிந்து, காற்று மூலக்கூறுகள் உடைந்து அயனிகளாகின்றன. இருட்டில் பார்த்தால் ஊசி நுனியில் மெல்லிய நீல ஒளி தெரியும். அந்த அயனி மழையின் ஊடே பறந்துபோகும் துகள் எதிர்மின்னூட்டம் பெறுகிறது. சக்கரம் எர்த்தோடு இணைந்திருக்கிறது. துகள் அருகே வந்ததும் உலோகத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் விலகி வழிவிட, எதிரெதிர் மின்னூட்டங்கள் ஈர்த்துக்கொள்ள, துகள் போய் ஒட்டுகிறது. பின்பக்கம் குறி வைக்காமலே சில துகள்கள் வளைந்துபோய் ஒட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் வியப்புத்தான். பிசின் மின்கடத்தாப் பொருள் என்பதால் மின்னூட்டம் உடனே கசிந்து போகாது. பவுடர் பூசிய சக்கரத்தை மெல்லத் தூக்கிப் பீரோ வரை கொண்டுபோகலாம். சட்டை உரசினால் மட்டும் போச்சு. அந்த இடத்தை ஊதிவிட்டு மறுபடி அடிக்கவேண்டும்.

எல்லாம் எர்த்தில் தொங்குகிறது. எர்த் சரியில்லையென்றால் வந்து சேரும் மின்னூட்டம் சக்கரத்திலேயே தேங்கி, அடுத்து வரும் பவுடரைத் தள்ளிவிடும். பவுடர் கீழே கொட்டும். தொட்டால் கை சுரீர் என்று இழுக்கும். எங்கள் வீட்டில் முதல் முயற்சியில் இதுதான் நடந்தது. கன் சரியில்லை என்று நினைத்தேன். வயரிங் செய்யும் அண்ணன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “கன்னுல ஒண்ணும் இல்லீங்க தம்பி. எர்த் குழியப் பாருங்க, காஞ்சு கெடக்குது.” மேலே ஒரு முழம் மண், அதற்குக் கீழே சார்னோகைட். அந்தப் பாறை மின்சாரத்தைக் கடத்தவே கடத்தாது. மண்ணில் ஈரம் இருந்தால்தான் எர்த் இருக்கும். குழியில் கரியும் உப்பும் புதிதாகப் போட்டு நான்கு குடம் தண்ணீர் ஊற்றினார். சக்கரத்தைத் தொங்கவிடும் கொக்கியில் ஏற்கனவே படிந்திருந்த பூச்சையும் சுரண்டி எடுக்கச் சொன்னார். கொக்கியிலேயே பூச்சு இருந்தால் எர்த் எப்படிச் சேரும்? தொங்கும் பொருளுக்கும் பூமிக்கும் இடையே மின்தடை ஒரு மெகாஓமுக்குள் இருக்கவேண்டும் என்பது இந்தத் தொழிலின் அடிப்படை விதி.

மாசி மாதத்தின் முரண் இதில் இருக்கிறது. காற்று காய்ந்திருந்தால் பவுடருக்கு நல்லது. மண் காய்ந்திருந்தால் எர்த்துக்குக் கெடுதல். மூடுபனிக் காலத்தில் இது தலைகீழ். எர்த் அருமையாக இருக்கும். பவுடரோ ஈரம் குடித்துக் கட்டிகட்டியாகிக் குழாயை அடைக்கும், துகளின் மேற்பரப்பு வழியே மின்னூட்டம் கசியும். கம்ப்ரஸர் காற்றை அழுத்தும்போது அதில் உள்ள நீராவி தண்ணீராகி, கன் வழியே துப்பும். குளிர்ந்த கொட்டகையில் இரவு முழுக்கக் கிடந்த சக்கரத்தைக் காலையில் வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்தால், சோடா பாட்டில்மேல் போல அதன்மேல் வியர்க்கும். எர்த் குழியை நனைத்துவிடலாம், மேகத்தைத் துடைக்க முடியாது. அதனால்தான் மாசிக்குக் காத்திருந்தேன்.

உயரமும் தன் பங்குக்கு ஒன்று செய்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 85 சதவீதம்தான். காற்று மெலிந்திருப்பதால் அது உடைந்து அயனியாவதும் சற்றுக் குறைந்த மின்னழுத்தத்திலேயே தொடங்கிவிடும். சேலத்தில் பொறி பறக்காத இடைவெளியில் ஏற்காட்டில் பறக்கலாம். கன்னை ஒரு சாணுக்கும் குறைவாகச் சக்கரத்துக்கு அருகே கொண்டுபோகாமல் இருப்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

சக்கரத்தின் ஆரங்கள் ஒன்றோடொன்று சேரும் உள்மூலைகளில் பவுடர் போகவே மறுக்கும். கன்னை நேராக நீட்டி அடித்தாலும் இருபுறமும் விளிம்பில்தான் குவியும். மைக்கேல் ஃபாரடே 1836-இல் உலோகத் தகடு சுற்றிய ஓர் அறையைக் கட்டி, வெளியே பெரும் மின்னூட்டம் கொடுத்துவிட்டு, உள்ளே மின்புலமே இல்லை என்று காட்டினார். குழிந்த மூலை என்பது ஒரு அரைகுறை ஃபாரடே கூண்டு. மின்புலக் கோடுகள் விளிம்பிலேயே முடிந்துவிடுகின்றன. உள்ளே துகளை இழுக்க எதுவும் இல்லை. கன்னின் மின்னழுத்தத்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். குறைக்கவேண்டும். மின்னழுத்தத்தையும் காற்றின் வேகத்தையும் குறைத்து, முதலில் மூலைகளை மெல்ல நிரப்பிவிட்டு, பிறகுதான் முகப்புக்கு வரவேண்டும். கைக்கு எட்டாத மூலையில் பலம் காட்டினால் பவுடர் விலகிப்போகிறது, தணிந்து போனால் மூலை உள்ளே விடுகிறது.

அதிகமாக அடிப்பதும் தவறு. பூச்சு 60 முதல் 80 மைக்ரான் போதும். அதற்கு மேல் போனால் படிந்த துகள்களின் மின்னூட்டமே குவிந்து, படலத்துக்குள் நுண்ணிய மின்வெடிப்புகள் நடக்கும். வெந்த பிறகு அந்த இடம் குழிகுழியாக இருக்கும். உலகமெங்கும் இந்தக் குறைக்கு ஆரஞ்சுத் தோல் என்றுதான் பெயர். ஏற்காட்டில் கமலா ஆரஞ்சு விளையும் தோட்டத்தில் நின்றுகொண்டு அந்தப் பெயரைச் சொல்லும்போது, பெயர் வைத்தவர் பழத்தை எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார் என்று தோன்றும்.

இனி பீரோ. வெல்லத்தைச் சூடாக்கினால் உருகும், ஆறினால் இறுகும், மறுபடி சூடாக்கினால் மறுபடி உருகும். இட்லி மாவு அப்படியல்ல. வெந்து இட்லியானது எந்தச் சூட்டிலும் மாவாகத் திரும்பாது. நாம் அடிக்கும் பவுடர் இட்லி இனம். சூடேற ஏற முதலில் துகள்கள் மெழுகுபோல இளகிச் சேர்ந்து, பளபளவென்று ஒரே படலமாக ஓடும். அந்த நிமிடத்தில் கதவிடுக்கு வழியே பார்த்தால் வேலை முடிந்துவிட்டது என்றே தோன்றும். முடியவில்லை. பிசின் சங்கிலிகளும் இறுக்கும் பொருளும் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து வலையாகவேண்டும். அதற்கு வழக்கமாக 180 முதல் 200 டிகிரியில் 10 முதல் 20 நிமிடம். இந்தக் கணக்கு உலோகத்தின் சூட்டுக்கு. ஓவன் காற்றின் சூட்டுக்கல்ல. எட்டுக் கிலோ அலுமினியம் 170 டிகிரி ஏற, விரயமே இல்லாத இரண்டு கிலோவாட் ஹீட்டருக்குக்கூடப் பத்து நிமிடம் ஆகும். பீரோவில் அதைப்போல் பல மடங்கு ஆனது. உலோகம் அந்தச் சூட்டை எட்டிய பிறகே கடிகாரத்தைத் தொடங்கவேண்டும்.

எட்டியதை எப்படி அறிவது? தூரத்திலிருந்து குறிபார்த்து அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி, பளபளக்கும் வெற்று அலுமினியத்தில் பொய் சொல்லும். அது சக்கரத்தின் கதிர்களை விடச் சுற்றுச்சுவரின் பிரதிபலிப்பைத்தான் அதிகம் காண்கிறது. பூச்சு படிந்த இடத்தில் ஓரளவு சரியாகக் காட்டும். நான் நம்பியது சக்கரத்தோடு கட்டிய தெர்மோகப்பிள் கம்பியை. அது சரியா என்று பார்க்கக் கொதிக்கும் தண்ணீரில் முக்கினேன், 95 காட்டியது. ஐந்து டிகிரி குறைகிறது என்று திருத்தியிருந்தால் தவறு செய்திருப்பேன். ஏற்காட்டில் தண்ணீர் கொதிப்பதே ஏறத்தாழ 95 டிகிரியில்தான். மலைமேல் பருப்பு வேக நேரமாவதும் இதனால்தான்.

அலாய் வீலுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அதன் வலிமை, வார்த்த பிறகு கொடுத்த வெப்பப் பதப்படுத்தலில் இருக்கிறது. அலுமினியத்தோடு சிலிக்கானும் சிறிது மக்னீசியமும் சேர்த்து, கடைசியாக ஏறத்தாழ 150 முதல் 170 டிகிரியில் சில மணி நேரம் வைத்திருப்பார்கள். அப்போது உள்ளே உருவாகும் மிக நுண்ணிய படிவுகள்தான் உலோகத்தை விறைப்பாக நிறுத்துகின்றன. நாம் அதைவிடக் கூடுதல் சூட்டில் நெடுநேரம் வைத்தால் அந்தப் படிவுகள் பருத்து, எண்ணிக்கையில் குறைந்து, சக்கரம் வலுவிழக்கும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. குறைந்த சூட்டில் வேகும் பவுடரைத் தேடி வாங்குங்கள். நேரத்தை மீறாதீர்கள். நிறம் பிடிக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சுடாதீர்கள். விரிசல் கண்டு பற்றவைத்த சக்கரம் என்றால் தொடவே வேண்டாம். ரப்பர் புஷ், பேரிங், எண்ணெய் சீல் உள்ள எதையும் கழற்றாமல் சூட்டில் வைக்கக்கூடாது. வாயு அடைத்த ஷாக் அப்சார்பரை ஓவனுக்குள் வைப்பது வெடிகுண்டை வைப்பதற்குச் சமம்.

வெடிப்பு என்றதும் சொல்லவேண்டியது இன்னொன்று. மிதக்கும் பவுடர் எரியும். மில்லில் மாவுத்தூசி தீப்பிடிப்பது போலத்தான். ஒரு கன மீட்டர் காற்றில் சில பத்துக் கிராம் கலந்திருந்தால் ஒரு பொறி போதும். அதனால் அடிக்கும் இடமும் சுடும் இடமும் தனித்தனியாக இருக்கவேண்டும். கேஸ் அடுப்பு ஓவன் கூடாது. தரையில் கொட்டியதை வீட்டு வாக்குவம் கிளீனரில் இழுக்கக்கூடாது. அதன் மோட்டார் பொறி தெறிக்கும். மூக்கில் கைக்குட்டை கட்டுவது பயனில்லை, சரியான துகள் முகமூடி வேண்டும். சில பாலியெஸ்டர் பவுடர்களில் இறுக்கும் பொருளாக வரும் டிஜிஐசி மரபணுவைப் பாதிக்கக்கூடியது. அது இல்லாத பவுடர்கள் கிடைக்கின்றன, கேட்டு வாங்கலாம். சமையலறை ஓவனில் ஒருமுறை இதைச் செய்துவிட்டால், அதில் பிறகு ஒருபோதும் கேக் செய்யக்கூடாது.

பீரோவிலிருந்து முதல் சக்கரம் வெளியே வந்தபோது மாலை நான்கு மணி. ஆறியதும், உள்பக்கத்தில் மறைவான இடத்தில் தின்னர் நனைத்த பஞ்சால் அழுத்தித் தேய்த்தேன். பஞ்சில் நிறம் ஏறவில்லை, பளபளப்பு மங்கவில்லை. நன்றாக வெந்திருந்தது. மற்ற மூன்றும் முடிந்ததும், ஆசையில் மறுநாளே நான்கையும் மாட்டிச் சேலத்துக்கு இறங்கினேன்.

மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,200 மீட்டர். 1,200 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு இறங்கும்போது விடும் ஆற்றல் 14 மெகாஜூல். 45 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். கியரிலேயே இறக்கினால் இன்ஜின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் பிரேக்கில் சூடாகி, ஹப் வழியாகச் சக்கரத்துக்கும் வரும். அடிவாரத்தில் டீக்கடை முன் நிறுத்தியபோது முன்சக்கரத்தில் ஏதோ ‘டிக் டிக்’ என்றது. வீல் ஸ்பானர் எடுத்து வைத்தேன். ஐந்தில் மூன்று நட்டுகள் கால் சுற்றுக்கு மேல் சுழன்றன.

தவறு என்னுடையது. நட் உட்காரும் குழிகளையும் ஹப்போடு சேரும் பின்முகத்தையும் மறைக்காமல் எல்லா இடத்திலும் பவுடர் அடித்திருந்தேன். பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் பயம் வந்தது. நட்டை முறுக்கும்போது போல்ட் ரப்பர்போல மிகச் சிறிது நீள்கிறது. அந்த நீட்சியின் இழுப்புதான் சக்கரத்தைப் பிடித்து வைக்கிறது. நீளும் அளவு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு, அதாவது 50 மைக்ரான். என் பூச்சின் தடிமன் 70. நட்டுக்கு அடியில் ஒரு படலம், ஹப் பக்கம் ஒரு படலம். உருகாவிட்டாலும் சூட்டில் சற்று மென்மையாகி அவை கொஞ்சம் நசுங்கினாலே போல்ட்டின் இழுப்பு பெரும்பாலும் போய்விடும். சக்கரத்தைப் பிடித்து வைக்கும் விசை முழுவதும் ஒரு பூச்சின் தடிமனுக்குள் அடங்கியிருக்கிறது என்பதை அன்றுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

மறுபடி நான்கையும் கழற்றினேன். குழிகளிலும் பின்முகத்திலும் இருந்த பூச்சை வெற்று உலோகம் தெரியும்வரை கையாலேயே உப்புத்தாள் வைத்துத் தேய்த்து எடுத்தேன். நான்கு சக்கரத்துக்கு இரண்டு நாள் பிடித்தது. அதன் பிறகு செய்த மற்ற சக்கரங்களுக்கு, சூடு தாங்கும் பச்சை நிறப் பாலியெஸ்டர் டேப்பை வட்டமாக வெட்டி, பவுடர் அடிப்பதற்கு முன்பே ஒவ்வொரு குழியிலும் ஒட்டிவிடுகிறேன்.

பங்குனியில் மறுபடி இறங்கினேன். இரண்டாம் கியரில், மெதுவாக, எல்லா வளைவுகளையும் கடந்து அதே டீக்கடை முன் நிறுத்தினேன். சக்கரம் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. ஆறட்டும் என்று ஒரு டீ குடித்தேன். பிறகு டார்க் ஸ்பானரை எடுத்து, 20 நட்டுகளையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை.